பார்த்து வியந்தவரையே ஜெயிக்க வேண்டி வந்தால்?

உங்களை ஒரு விளையாட்டுக்குள்ள இழுத்துட்டு வந்த ஆள் இருக்காரே, அவரையே எதிர்த்து, இருக்கிற ஒரே ஒரு இடத்துக்காகப் போட்டி போட வேண்டி வந்தா என்ன செய்வீங்க?

நியூசிலாந்துல ரெண்டு பேருக்கு அப்படி ஒரு நிலைமை வந்தது. ஒருத்தர் ராப் வாடெல். இன்னொருத்தர் மஹே ட்ரைஸ்டேல். விளையாட்டு, துடுப்புப் படகுப் போட்டி. ரோயிங். இந்தக் கதையில ஒரு இதய நோயும் முக்கியமான பாத்திரமா வருது. அதனாலதான் கிரிக்கெட்டை விட்டுட்டு இதை எழுத உட்கார்ந்தேன். த்ரெட் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல விளையாட்டைப் பத்திக் கொஞ்சம்.

ரோயிங்கில் எட்டுப் பேர், நாலு பேர், ரெண்டு பேர் என்று பல வகைப் படகுகள் உண்டு. அதில் மிகவும் தனிமையானது சிங்கிள் ஸ்கல்ஸ். ஆள் ஒருத்தர், துடுப்பு ரெண்டு, தூரம் 2000 மீட்டர். படகு எட்டு மீட்டர் நீளம் இருக்கும், ஆனால் அகலம் ஒரு ஆள் இடுப்பைச் செருகி உட்காரும் அளவுக்குத்தான். குறைந்தபட்ச எடை 14 கிலோ. நம்ம வீட்டு சிலிண்டருக்குள்ள இருக்கிற கேஸோட எடை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. அதன் மேல ரெண்டு மீட்டர் உயர மனுஷன் உட்கார்ந்து, முழு பலத்தையும் போட்டு இழுக்கணும். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணிக்குள்ளதான்.

பலரும் இதைக் கை பலம்னு நினைக்கிறாங்க. இல்லைங்க. உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் நகரும். காலை மடக்கி முன்னே போய், காலால் உதைத்துப் பின்னே வரணும். தொடை, இடுப்பு, முதுகு, கடைசியாகத்தான் கை. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்கும். ஜிம்ல இருக்கிற ரோயிங் மெஷினில் ரெண்டே நிமிஷம் நிஜமா இழுத்துப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இன்னொரு வேடிக்கை. படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும். அதனால முன்னாடி போறவருக்குத் தன் பின்னால் வரும் எல்லோரும் கண் எதிரே தெரிவாங்க. பின்தங்கி வருபவருக்கு, தன்னை முந்திப் போனவர் தெரியவே மாட்டார். கழுத்தைத் திருப்பினால் வேகம் போயிடும். ஓட்டப் பந்தயத்துல முன்னாடி ஓடுறவன் முதுகைப் பார்த்து ஓடலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

சரி, கதைக்கு வருவோம்.

2000 ஆம் ஆண்டு. சிட்னி ஒலிம்பிக்ஸ். 25 வயது ராப் வாடெல் சிங்கிள் ஸ்கல்ஸ் இறுதிப் போட்டியில் முதலாவதாக வருகிறார். 1998, 1999 இரண்டு வருஷமும் உலக சாம்பியன். இப்போது ஒலிம்பிக் தங்கம். அந்த ஒலிம்பிக்ஸில் நியூசிலாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அதை டிவியில் பார்த்துக்கிட்டிருந்தவங்கள்ல ஒருத்தர் 21 வயதுப் பையன் மஹே ட்ரைஸ்டேல். 18 வயசுல, பல்கலைக்கழகம் போன பிறகுதான் துடுப்பையே கையில் எடுத்தவர். உலகத் தரத்துக்கு அது தாமதம். அதையும் படிப்புக்காகப் பாதியில விட்டிருந்தார். வாடெல் ஜெயிச்சதைப் பார்த்த பிறகு மறுபடியும் படகுல போய் உட்கார்ந்துட்டார்.

இந்த இடத்துல நமக்கு ஏகலைவன் ஞாபகம் வரும். தூரத்தில் இருந்தே ஒருத்தரை மனசில் வைத்துக் கற்றுக்கொள்வது. ஆனா இங்கே யாரும் கட்டை விரல் கேட்கல. அதைவிடச் சிக்கலான ஒன்று நடந்தது. கொஞ்சம் பொறுங்க.

சிட்னிக்குப் பிறகு வாடெல் ரோயிங்கை விட்டுட்டுப் பாய்மரக் கப்பல் பக்கம் போயிட்டார். அமெரிக்கா கோப்பைப் போட்டியில் டீம் நியூசிலாந்தின் கிரைண்டர். பாய்க் கயிறுகளை இழுக்கும் விஞ்சைக் கையால் சுற்றுகிற வேலை, படகின் மனித எஞ்சின். அவர் உடம்புக்கு ஏத்த வேலைதான்.

அந்த இடைவெளியில் ட்ரைஸ்டேல் வளர்கிறார். 2004 ஏதென்ஸில் நால்வர் படகில் ஐந்தாவது இடம். அடுத்து தனி ஆள் படகுக்கு மாறுகிறார். 2005, 2006, 2007, மூன்று வருஷம் தொடர்ந்து உலக சாம்பியன். இந்த வேகத்தை நினைச்சுப் பாருங்க. ஒருத்தரைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர், ஏழு வருஷத்துல அவர் உட்கார்ந்திருந்த அதே இருக்கையில், அவரை விட ஒரு பட்டம் அதிகமா வாங்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ். தங்கம் இவருக்குத்தான்னு உலகமே சொல்லுது.

அப்போதான் வாடெல் திரும்பி வந்தார்.

33 வயது. இத்தனை வருஷம் கழித்து. அதுவும் சும்மா ஆசைக்கு வரல. அந்த வருஷம் ரோயிங் மெஷினில் 2000 மீட்டரை 5 நிமிடம் 36.6 வினாடியில் முடித்து உலக சாதனை செய்தார். அந்தச் சாதனையை உடைக்க உலகத்துக்குப் பத்து வருஷம் ஆச்சு. நியூசிலாந்து ஏரிகளில் நடந்த போட்டிகளிலும் நடப்பு உலக சாம்பியனை முந்திக் காட்டினார்.

ஒலிம்பிக்ஸில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டில் இருந்து ஒரே ஒரு படகுதான் போக முடியும். இங்கே உலகின் மிகச் சிறந்த இரண்டு பேரும் ஒரே நாட்டில். அந்த நாட்டு மக்கள்தொகை அப்போ சென்னை நகரத்து அளவுகூட இல்லை. என்ன ஒரு அதிர்ஷ்டம், என்ன ஒரு தலைவலி!

முடிவு எடுக்க ஒரே வழி, தண்ணியில விட்டுப் பார்க்கிறது. கராபிரோ ஏரியில் மூன்று பந்தயம், இரண்டில் ஜெயிப்பவர் பீஜிங் போவார். ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள். மூன்றாவது பந்தயத்தில் முடிவாகணும்.

அந்த மூன்றாவது பந்தயத்தில் வாடெலின் இதயம் தாளம் தப்பியது.

இது திடீர்னு வந்த பிரச்சினை இல்லை. வாடெலுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். சுருக்கமா ஏஎஃப்னு சொல்லுவோம். அந்த இதயத்தை வைத்துக்கொண்டுதான் மனுஷன் ஒலிம்பிக் தங்கமே வாங்கினார்.

ஏஎஃப் என்றால் என்ன? இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறை முதலில் சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளும், பிறகு கீழறை சுருங்கி உடம்புக்கு அனுப்பும். இந்த வரிசையை ஒரு சின்ன மின்சார மையம் நடத்துது. ஏஎஃப் வந்தால் அந்த மையத்தோட பேச்சு எடுபடாது. மேலறையில் மூலைக்கு மூலை மின்சாரம் கிளம்பி, நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை அது வெறுமனே நடுங்கும். சுருங்காது. கீழறை அந்தக் குழப்பத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கில்லாமல் வேகமாகத் துடிக்கும்.

இப்போ கணக்கைப் பாருங்க. மேலறை தள்ளிக் கொடுக்கும் பங்கு, கீழறை நிரம்புவதில் சுமார் கால்வாசி. ஏஎஃப்பில் அது போச்சு. துடிப்பு வேகமாவதால் கீழறை நிரம்பக் கிடைக்கும் நேரமும் குறையுது. சும்மா சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது உங்க இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்பினால் போதும். அப்போ கால்வாசி குறைந்தாலும் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதுக்கோ ஈசிஜி எடுக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடிக்கிறவங்களும் உண்டு.

ஆனா உச்ச வேகத்தில் துடுப்பு போடும் ஒரு உலக சாம்பியனின் இதயம் நிமிடத்துக்கு 35, 40 லிட்டர் அனுப்பிக்கிட்டு இருக்கும். அதுல கைவைச்சா என்ன ஆகும்? கால் உதைக்கத் தயார், முதுகு தயார், மனசு தயார். ஆக்சிஜன் வரல. அவ்ளோதான். படகு அப்படியே தளர்ந்துடும். அதுதான் அன்னைக்கு நடந்தது. ட்ரைஸ்டேல் ஜெயித்தார். இருக்கை அவருக்கு.

இந்த இடத்துல ஒரு டாக்டரா என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று இருக்கு.

வருஷக்கணக்காகக் கடுமையான பயிற்சி எடுப்பவர்களின் இதயம் பெரிதாகும். ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளணும்னா அறைகள் விரியத்தானே வேணும். அது நோய் இல்லை, உடம்பு தன்னைத் தகவமைத்துக்கொள்வது. ஆனால் விரிந்த மேலறை, ஏஎஃப் வேர் பிடிக்க வசதியான நிலமும்கூட. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் ஓடிய 52,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த ஆய்வில், அதிகத் தடவை ஓடியவர்களுக்கும் வேகமாக ஓடியவர்களுக்கும்தான் இதயத் துடிப்புக் கோளாறு அதிகம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் முன்னணித் துடுப்பு வீரர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏஎஃப். தனி ஒருத்தரைக் காட்டி இவருக்கு இதனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு மனுஷனை உலகத்திலேயே வேகமானவனாக ஆக்குகிற இதயமும், பந்தயத்தின் நடுவில் கையை விரிக்கிற இதயமும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பக்கத்தில் இருக்கு பாருங்க.

உடனே "அதான் டாக்டரே சொல்லிட்டாரு, நான் வாக்கிங் போகல"ன்னு கிளம்பிடாதீங்க மக்களே! நான் பேசுறது வருஷக்கணக்கில் தினமும் பல மணி நேரம் பயிற்சி எடுப்பவர்களைப் பற்றி. நீங்களும் நானும் நடக்கிற நடைக்கு இதயம் நன்றிதான் சொல்லும். நம்ம ஓபியில பார்க்கிற ஏஎஃப்புக்குக் காரணங்களே வேற. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலில் சுருங்கிப்போன வால்வு, பல வருஷமா கவனிக்காத பிபி, தைராய்டு, குடி. உடற்பயிற்சியின்போது படபடப்போடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலும், மணிக்கட்டில் விரல் வைத்தால் துடிப்பு ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக இருந்தாலும், ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. ஏஎஃப்பில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க மாத்திரை இருக்கு.

மறுபடியும் 2008.

ட்ரைஸ்டேல் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. நீங்க அண்ணாந்து பார்த்த ஆள். அவரை ஜெயிச்சாச்சு. ஆனா அவர் இதயம் ஒத்துழைக்காத நாளில். இதை எங்கே வைத்துக்கொள்வது? கொண்டாடவும் முடியாது, வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வாடெலுக்கோ, தான் தோற்றது எதிராளியிடமா தன் நெஞ்சுக்குள்ள இருக்கிற மின்சாரத்திடமா என்பது வாழ்நாள் கேள்வி.

வாடெலைத்தான் அனுப்பியிருக்கணும், அவர் முழு ஆரோக்கியத்தில் இருந்தால் அவர்தான் வேகம் என்று வாதம் பண்ணலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "முழு ஆரோக்கியத்தில் இருந்தால்" என்பதுதான் சிக்கலே. இதயத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பந்தயத்துக்குப் போக முடியாது. பீஜிங்கில் இறுதிப் போட்டி அன்று ஏஎஃப் வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். துடிப்பைக் கட்டுப்படுத்த நாங்க வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் இந்த மாதிரி வீரருக்குச் சரிவராது. உச்சத் துடிப்பையே அது கீழே இழுத்துவிடும். மூன்று வருஷம் உலகத்தையே ஜெயித்த ஒருத்தரை, ஏரியில் விட்டுச் சோதித்த பிறகும் ஓரங்கட்டியிருந்தால் அதுதான் அநியாயம்.

ஆனா பாதுகாப்பான தேர்வு என்று ஒன்று கிடையாது என்பதை பீஜிங் காட்டியது.

தொடக்க விழாவில் நியூசிலாந்துக் கொடியை ஏந்தி நடந்தவர் ட்ரைஸ்டேல். அடுத்த சில நாட்களில் வயிற்றுத் தொற்று. வாந்தி, பேதி. நாம வீட்டில் ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைக்கிற அதே நோய்தான். ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். வாடெலுக்கு மின்சாரத்தால் வந்த அதே பற்றாக்குறை, இவருக்குக் குடல் வழியாக வந்தது.

அந்த உடம்போடு இறுதிப் போட்டியில் உட்கார்ந்தார். பாதிக்கு மேல் முன்னணியிலும் இருந்தார். கடைசிப் பகுதியில் நார்வேயின் ஓலாஃப் டுஃப்டே முந்தினார், செக் நாட்டின் ஓண்ட்ரே சினெக்கும் முந்தினார். ட்ரைஸ்டேலுக்கு வெண்கலம். முடித்ததும் வாந்தி, நிற்கவே தெம்பில்லை. பதக்கம் வாங்க அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் என் கை தானாக ஐவி செட்டைத் தேடும்.

வாடெல் என்ன ஆனார்? தனி இருக்கை போனதும் மூட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகல. நேதன் கோஹன் என்ற இளைஞரோடு இருவர் படகில் ஏறி அதே பீஜிங்குக்குப் போனார். நான்காவது இடம். பதக்கம் இல்லை. அந்த கோஹன் நாலு வருஷம் கழித்து லண்டனில் ஜோசஃப் சல்லிவனோடு சேர்ந்து தங்கம் வாங்கினார். அதற்கு அடுத்த வருஷமே அவரும் இதயத் துடிப்புக் கோளாறால் விளையாட்டை விட வேண்டி வந்தது. ஒரே படகில் முன்னும் பின்னும் உட்கார்ந்த ரெண்டு பேருக்கும். இதை முதல் தடவை படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

இங்கதான் எனக்கு ட்ரைஸ்டேல் மேல மரியாதை கூடுது. வாடெலோட திறமை பார்த்த உடனே தெரியும். மெஷின்ல உட்கார வைச்சா எண்ணே சொல்லிடும். ட்ரைஸ்டேலோட திறமை வேற ரகம். அது வருஷக்கணக்கா விடாம உட்கார்ந்து இழுக்கிறதுல இருக்கு. ஒலிம்பிக்ஸ் கையை விட்டுப்போன அடுத்த வருஷமே, 2009-ல், போஸ்னானில் 6:33.35 என்ற உலகின் அதிவேக நேரத்தோடு மறுபடி உலக சாம்பியன். 2010-ல் உலகப் போட்டி நடந்ததே அதே கராபிரோ ஏரியில்தான். சொந்த ஊர் ஜனங்க முன்னாடி சினெக்கிடம் தோற்று வெள்ளி. 2011-ல் திரும்பவும் சாம்பியன். 2012 லண்டனில் கடைசியாக அந்த ஒலிம்பிக் தங்கம். 12 வருஷத்துக்கு முன்னாடி டிவியில் பார்த்த அதே தங்கம்.

எல்லாரும் போதும்னு நிறுத்துற இடம் அது. இவர் நிறுத்தல.

2016, ரியோ. வயசு 37. பக்கத்துத் தடத்துக்காரர்களுக்கு இவரைவிட வயசு கம்மி. குரோஷியாவின் டாமிர் மார்ட்டின் கடைசி 500 மீட்டரில் பாய்ந்து வர்றார். ஆரம்பத்தில் சொன்னேனே, முன்னாடி இருப்பவருக்குப் பின்னால் வருபவர் தெரிவார் என்று? வேகமா வர்றவர் ஒவ்வொரு இழுப்புக்கும் நெருங்குவதைக் கண்ணால் பார்த்துக்கிட்டே ட்ரைஸ்டேல் இழுத்தார். கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் இருவருக்கும் 6:41.34. நூறில் ஒரு வினாடி கூட வித்தியாசம் இல்லை. யாருக்கும் தெரியல. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொன்னாங்க. ட்ரைஸ்டேலின் படகு நுனி ஒரு துளி முன்னே.

அந்த ரியோவில் நியூசிலாந்து ஒலிம்பிக் குழு மொத்தத்துக்கும் பொறுப்பாளராக வந்திருந்தவர் யார் தெரியுமா? 'ஷெஃப் டி மிஷன்' என்பார்கள், வீரர்கள் தங்குவதில் இருந்து எல்லாவற்றுக்கும் தலைமை. ராப் வாடெல்.

தன் இருக்கையைத் தன்னிடம் இருந்து வாங்கிக்கொண்டவர் இரண்டாவது தங்கம் வாங்கும்போது, அவர் அணியின் தலைவராக இவர். ஒரு நாட்டுக்கு ஆண்கள் சிங்கிள் ஸ்கல்ஸில் மூன்று தங்கம். ஒன்று இவருடையது, இரண்டு இவரைப் பார்த்து வந்தவருடையது.

நம்ம ஊர்ல ரெண்டு பேர் ஒரே துறையில நல்லா வந்தாலே முதல் வேலையா அவங்களை எதிரிகளாக்கி, ரசிகர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு திட்டிக்குவோம். கமென்ட்ல "வாடெல் பெருசா ட்ரைஸ்டேல் பெருசா"ன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

ரியோ இறுதிப் போட்டி வீடியோ தேடினால் கிடைக்கும். ஏழு நிமிஷம்கூட இல்லை. கடைசி இருபது வினாடி வந்ததும் சத்தத்தை நிறுத்திட்டு, படகு நுனி ரெண்டையும் மட்டும் பாருங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்னு முன்னாடி போகும், அடுத்த இழுப்புல இன்னொன்னு. கோட்டைத் தாண்டுற நேரத்துல யார் முன்னாடின்னு உங்க கண்ணுக்குத் தெரியுதான்னு சொல்லுங்க. நான் நாலஞ்சு தடவை பார்த்துட்டேன், எனக்குத் தெரியல.